மகளுக்கு மேல்வரிசையில் இரண்டு பற்கள் முளைக்கவே இல்லை: 13 வயதில் இம்ப்ளான்ட் வைக்கலாமா?

காவிரிக்கரை (தஞ்சாவூர்) – மார்ச் 4, இரவு 10.40

வணக்கம். இந்தப் பகுதியில் முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு இந்த மாசியில் 13 முடிந்தது. மேல்வரிசையில் நடுவில் இருக்கிற இரண்டு பெரிய பற்களுக்கு இரு பக்கமும் வரவேண்டிய சின்னப் பற்கள் வரவே இல்லை. இடதுபக்கப் பால்பல் போன வருடம்தான் விழுந்தது. ஆறு வயதில் விழுந்த முதல் பல்லைச் சாணியில் உருட்டி ஓட்டுக்கூரை மேல் எறிந்தாள். இதையும் அப்படியே எறிந்துவிட்டு, புதுப்பல் வருகிறதா என்று தினமும் கண்ணாடி பார்த்தாள். ஆறு மாதம் போயிற்று, ஒன்றும் வரவில்லை. வலதுபக்கப் பால்பல் ஆடாமல் அப்படியே நிற்கிறது.

அப்புறம் இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரிகிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்தோம். மேலே அந்த இரண்டு பற்களுக்கும் எலும்புக்குள் முளையே இல்லையாம். கீழே இடதுபக்கம் இரண்டாவது முன்கடைவாய்ப்பல்லுக்கும் முளை இல்லை. அங்கே பால்பல் இருக்கிறது, அதில்தான் மென்று தின்கிறாள்.

முதலில் பார்த்த மருத்துவமனையில், "மே மாத லீவில் மூன்று இம்ப்ளான்ட் வைத்துவிடலாம், கீழே உள்ள பால்பல்லையும் எடுத்துவிடலாம்" என்றார்கள். இம்ப்ளான்ட் என்றால் தாடை எலும்புக்குள் உலோக வேர் பதித்து, அதன்மேல் பல் வைப்பதாம். ஒன்றே கால் லட்சம் ஆகுமாம். இரண்டாவது பார்த்த மருத்துவர், "18 வயதுவரை ஒன்றும் செய்யாதீங்க, அப்புறம் வாங்க" என்று ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். எதைக் கேட்பது?

பிள்ளை இப்போது சிரித்தால் கை வாய்க்குப் போகிறது. பள்ளி குரூப் போட்டோவில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். நான் மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்று என்று மாமியார் சொல்கிறார். அதை நான் நம்பவில்லை, ஆனாலும் ராத்திரியில் மனசு அதையே சுற்றுகிறது.

பொருநை (திருநெல்வேலி) – மார்ச் 4, இரவு 11.25

அக்கா, தயவுசெய்து இப்போது இம்ப்ளான்ட் வைக்காதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கும் அதே பல்தான், வலதுபக்கம் மட்டும் இல்லை. பத்தாவது எழுதி முடித்த லீவில் வைத்தார்கள். அப்போது எனக்கு 16 வயது. எங்கள் அக்கா கல்யாணம் நெருங்கியிருந்தது, போட்டோவில் நன்றாக இருக்கவேண்டும் என்று வீட்டில் அவசரம். எங்கள் ஊர்ப் பக்கத்து கிளினிக் ஒன்றில் செய்தார்கள். இரண்டு வருடம் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் ரூம்மேட் ஒருவன், "உன் ஒரு பல் மட்டும் மேலே ஏறின மாதிரி இருக்கேடா" என்றான். கண்ணாடியில் பார்த்தேன், உண்மைதான். அது ஏறவில்லை, இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மற்றப் பற்கள்தான் முகம் வளர வளரக் கீழே இறங்கியிருக்கின்றன.

இப்போது எனக்கு 30. பக்கத்துப் பல்லை விட அது இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது, ஈறு விளிம்பும் ஏறுமாறாகத் தெரிகிறது. இம்ப்ளான்ட் மேல் மாட்டியிருக்கும் செயற்கைப் பல்லை (கேப் என்பார்கள்) இரண்டு முறை மாற்றி நீளமாக்கினார்கள். பல் நீண்டதே தவிர ஈறு இறங்கவில்லை. கிளிப் போட்டு இழுக்கலாமே என்று கேட்டேன். அது சுவரில் அடித்த ஆணி மாதிரி, மற்றப் பல்லை நகர்த்தலாம், இதை நகர்த்த முடியாது என்றார்கள். கழற்றவேண்டும் என்றால் சுற்றியுள்ள எலும்போடு போகும்.

அந்த மருத்துவரைத் திட்ட எனக்கு விருப்பம் இல்லை. யாராவது ஒருவர் அப்பாவிடம், "இன்னும் ஐந்து வருடம் பொறுங்கள், அதுவரைக்கும் வேறு வழி இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் அப்பா கட்டாயம் கேட்டிருப்பார்.

பல்வைத்தியர்_கோவை – மார்ச் 5, காலை 6.50

பற்சீரமைப்பு, அதாவது கிளிப் போடும் பிரிவில் வேலை செய்கிறேன். எக்ஸ்ரேயும் பிள்ளையின் வாயும் பார்க்காமல் இன்னதுதான் செய்யுங்கள் என்று நான் சொல்லக்கூடாது. முடிவெடுக்க உதவும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

பொருநை சொன்னதன் காரணம் இது. இயற்கைப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேரைச் சுற்றி மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. தாடை வளரும்போது பல் அந்தச் சவ்வின் துணையால் தன் எலும்பையும் ஈறையும் கூட்டிக்கொண்டே இறங்கி வரும். இம்ப்ளான்ட்டின் டைட்டானியம் வேருக்கு அந்தச் சவ்வு கிடையாது, எலும்பே அதை நேராகப் பற்றிக்கொள்கிறது. வளர்ந்தவருக்கு அந்தப் பிடிப்புதான் பலம். வளரும் பிள்ளைக்கு அதுவே கெடுதல்.

இந்தச் சிகிச்சையின் தொடக்கமே முளைக்காத பற்களோடு சம்பந்தப்பட்டது. 1965ல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் பிரோனமார்க் என்பவர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டைட்டானியம் வேர் பதித்தார். அந்த யோஸ்டா லார்சன் பிறவியிலேயே தாடைக் குறையோடு, கீழே பற்கள் இல்லாமல் வாழ்ந்தவர். 2006ல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அந்த வேர்கள் அவருக்கு உழைத்தன. ஆனால் பதித்தபோது அவருக்கு 34 வயது, தாடை வளர்ந்து முடிந்திருந்தது.

அப்படியென்றால் எப்போது வைக்கலாம்? பெண்களுக்கு 17, 18, ஆண்களுக்கு 20, 21 என்று பொதுவாகச் சொல்வோம். அந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. பக்கவாட்டு முக எக்ஸ்ரே எடுத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து இன்னொன்று எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்போம். மாற்றம் நின்றிருந்தால்தான் பேச்சே. முன்பற்களுக்கு இன்னும் தாமதித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் வளர்ச்சி முடிந்த பிறகும் பற்கள் மிக மெதுவாக நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது மருத்துவர் 18 வரை இம்ப்ளான்ட் வேண்டாம் என்றது சரி. ஒன்றுமே செய்யாதீர்கள் என்றது சரியில்லை. 13 வயது திட்டம் போடவேண்டிய வயது. இப்போது விட்டுவிட்டால் பற்கள் தம் இஷ்டத்துக்குச் சாயும், 18ல் போய் நிற்கும்போது பாதி வழி அடைபட்டிருக்கும்.

மேல்வரிசைக்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று, இடத்தைத் திறந்து வைத்து அங்கே செயற்கைப் பல் வைப்பது. மற்றது, கோரைப்பல்லை முன்னால் நகர்த்தி இல்லாத பல்லின் இடத்தில் நிறுத்தி, அதன் கூர்முனையை மட்டப்படுத்தி, பல் நிறப் பூச்சால் வடிவம் கொடுப்பது. அதற்குப் பின்னால் உள்ள முன்கடைவாய்ப்பல் கோரைப்பல்லின் வேலையைப் பார்க்கும். எல்லாம் சொந்தப் பல், முகத்தோடு சேர்ந்தே வளரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மேல்பல், கீழ்ப்பல் கடிக்கும் விதம், கோரைப்பல்லின் நிறம், அகலம், முகத்தின் பக்கத்தோற்றம் இவற்றைப் பொறுத்தது. மேல்பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டாவது பாதைப்படி இடத்தை மூடுவதுதான் பெரும்பாலும் நல்லது. சுவீடனில் இரண்டு வகையினரையும் பல ஆண்டுகள் கழித்து அழைத்துப் பார்த்தார்கள். 2000ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. இடம் மூடப்பட்டவர்கள் தங்கள் பற்களைப் பற்றி அதிகத் திருப்தியோடு இருந்தார்கள், ஈறும் சுத்தமாக இருந்தது.

அந்தக் கீழ்ப் பால்பல்லை மட்டும் யாரும் அவசரப்பட்டுத் தொடவேண்டாம். அதைப் பற்றி மாலையில் எழுதுகிறேன், நோயாளிகள் வந்துவிட்டார்கள்.

மல்லிகைப்பந்தல் (சேலம்) – மார்ச் 5, காலை 11.10

என் அண்ணன் மகளுக்கு இதே பிரச்சினைக்குப் பக்கத்துப் பற்களைச் சீவி, மூன்று பல் சேர்த்து பிரிட்ஜ் கட்டினார்கள். ஒரே வாரத்தில் முடிந்தது. பெண் பிள்ளை, கல்யாணத்துக்கு முன்னால் ஏதாவது செய்துவிட வேண்டும் இல்லையா? ஐந்தாறு வருடம் காத்திருக்கச் சொன்னால் எப்படி?

பல்வைத்தியர்_கோவை – மார்ச் 5, இரவு 9.15

உங்கள் கவலை புரிகிறது. உங்கள் அண்ணன் மகளுக்கு எந்த வயதில் கட்டினார்கள் என்பது தெரியவில்லை. 13 வயதில் பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற அறை பெரிதாக இருக்கும். சொத்தை இல்லாத நல்ல பல்லைச் சீவினால் நரம்பு பாதிக்கப்பட்டு வேர்ச் சிகிச்சைவரை போகலாம். இல்லாத ஒரு பல்லுக்காக இருக்கிற இரண்டு பற்களைக் கெடுத்ததாக ஆகிவிடும்.

சீவாமலே ஒட்டுகிற பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. மேரிலாண்ட் பிரிட்ஜ் என்பார்கள், அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மேம்படுத்தியதால் அந்தப் பெயர். செயற்கைப் பல்லுக்குப் பின்னால் மெல்லிய இறக்கை மாதிரி ஒரு தகடு இருக்கும், அதைப் பக்கத்துப் பல்லின் உள்பக்கம் ஒட்டுவார்கள். முன்பெல்லாம் இரண்டு பக்கமும் இறக்கை வைப்போம். இரண்டு பற்களும் வெவ்வேறு திசையில் லேசாக அசைவதால் ஒரு பக்கம் விட்டுப்போகும், வெளியே தெரியாது, உள்ளே சொத்தை பிடிக்கும். ஜெர்மனியில் கீல் நகரத்தில் மத்தியாஸ் கெர்ன் குழுவினர் ஒற்றை இறக்கை வைத்தவற்றைத் தொடர்ந்து கவனித்தார்கள். 10 ஆண்டுகள் கழித்து 100க்கு 94 அளவில் அப்படியே நின்றன. இரட்டை இறக்கை வைத்ததில் 74 அளவில்தான். ஒற்றை இறக்கை விழுந்தாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். இம்ப்ளான்ட் வயது வரும்வரை இதை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. பிறகு இம்ப்ளான்ட்டே வேண்டாம் என்று இதையே வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

இனி அந்தக் கீழ்ப் பால்பல். அடியில் முளை இல்லாததால் அதன் வேரைக் கரைத்துத் தள்ள ஆள் இல்லை. வேர் நன்றாக இருந்து, பக்கத்துப் பற்களோடு ஒரே மட்டத்தில் நின்றால் அது பல ஆண்டுகள் உழைக்கும். 20 வயதுவரை நல்லபடி நின்ற பால்பல் அதற்குப் பிறகும் நீண்ட காலம் நிற்பதை நிறையப் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். நானே 40 தாண்டியவர்கள் வாயில் பார்த்திருக்கிறேன். அந்தப் பல் இருக்கிறவரை அங்கே எலும்பின் அகலமும் குறையாது. பிடுங்கினால் சில வருடத்தில் எலும்பு மெலிந்துவிடும், பிறகு இம்ப்ளான்ட் வைக்கக்கூட எலும்பு ஒட்டவேண்டி வரும்.

ஒரு எச்சரிக்கை. சில பால்பற்கள் எலும்போடு ஒட்டிக்கொண்டு, மற்றவை வளர இது மட்டும் பள்ளத்தில் நின்றுவிடும். பொருநையின் இம்ப்ளான்ட்டுக்கு நேர்ந்ததேதான். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டம் பாருங்கள். இறங்கிக்கொண்டே போனால் அப்போது எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

காவிரிக்கரை – மார்ச் 5, இரவு 10.30

டாக்டர், அந்தப் பால்பல்லைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். மே மாதம் அதைப் பிடுங்கத் தேதியே குறித்து வைத்திருந்தோம். நாளைக் காலையில் முதல் வேலையாகப் போன் பண்ணி நிறுத்துகிறேன்.

மல்லிகைப்பந்தல் அம்மா, நீங்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் என் பிள்ளை எட்டாவது படிக்கிறாள். கல்யாணத்தை நினைத்து அவள் பல்லைச் சீவ எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு கேள்வி. இது ஏன் வருகிறது? கிரகணத்தைக் கேட்கவில்லை, உண்மைக் காரணம் தெரியவேண்டும். அவளுக்கு ஒன்பது வயதில் தம்பி இருக்கிறான்.

பல்வைத்தியர்_கோவை – மார்ச் 6, காலை 7.05

நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை அம்மா. கிரகணம், சாப்பாடு, கால்சியம் எதுவும் காரணம் இல்லை. பெரும்பாலும் மரபணு சார்ந்தது. எம்.எஸ்.எக்ஸ்.1, பாக்ஸ்9, டபிள்யூ.என்.டி.10ஏ என்று பல மரபணுக்களில் மாற்றம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஞானப்பல்லை விட்டுவிட்டுக் கணக்கெடுத்தாலே 100 பேரில் சுமார் ஆறு பேருக்கு ஒரு பல்லாவது முளைக்காது, பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். அடிக்கடி காணாமல் போவது கீழ் இரண்டாவது முன்கடைவாய்ப்பல், அடுத்தது மேல் பக்கவெட்டுப்பல், அதாவது நடுவில் உள்ள பெரிய பற்களுக்குப் பக்கத்தில் வரும் சின்னப் பல். உங்கள் மகளுக்கு இரண்டும்.

உங்கள் பக்கத்திலும் மகளின் அப்பா பக்கத்திலும் யாருக்காவது மேல்பக்கம் ஆணி மாதிரி குட்டையான கூம்புப் பல் இருக்கிறதா பாருங்கள். அதுவும் இதே குடும்பச் சங்கதிதான்.

தம்பிக்கு ஒன்பது என்றால் ஒரு ஓ.பி.ஜி. எடுத்துவிடலாம். இரண்டாவது முன்கடைவாய்ப்பல் சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் உருவாகத் தொடங்கும், ஏழு வயதுக்கு முன்னால் எடுத்துப் பார்த்து இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. பத்து வயதில் மேல் ஈறில் கோரைப்பல்லின் மேடு விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட குடும்பங்களில் கோரைப்பல் திசைமாறி அண்ணத்துப் பக்கம் போகிற வாய்ப்பு அதிகம்.

காவிரிக்கரை – மார்ச் 6, காலை 8.20

டாக்டர், என் மாமியாருக்கே மேல்பக்கம் அப்படி ஒரு கூம்புப் பல் இருக்கிறது! இத்தனை வருடம் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை. இதை வீட்டில் சண்டையாக்கப் போவதில்லை. பேத்திக்குத் தன் சாயல் வந்திருக்கிறது என்று அவரே புரிந்துகொள்ளும்படி பொறுமையாகச் சொல்வேன்.

வடகடல் (ஒஸ்லோ) – மார்ச் 7, அதிகாலை 2.30

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப 20 வருசத்துக்கு மேல் நோர்வேயில். இங்க ஒருவரும் சொல்லாத இன்னொரு வழி இருக்கு, அதனால எழுதுறன்.

என்ர மகனுக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டாவது முன்கடைவாய்ப்பல் இல்லை. பால்பல்லும் டொக்டர் சொன்ன மாதிரி பள்ளத்தில இறங்கிட்டுது. ஆனால் மேல்வரிசையில் இடநெருக்கம், எப்படியும் இரண்டு பல் பிடுங்கத்தான் வேணும் என்ற நிலை. இங்கத்தைய பல் வைத்தியர்கள் மேலே பிடுங்கின பல்லையே கீழே நட்டார்கள். நாற்றைப் பிடுங்கி நடுகிற மாதிரித்தான். எனக்குச் சரியான பயம்.

அதுக்கு ஒரு பருவம் இருக்காம். வேர் பாதிக்கு மேல் வளர்ந்து, முக்கால்வாசிக்குள் இருக்கவேணும், நுனி திறந்திருக்கவேணும். அப்பதான் உள்ளே ரத்தக்குழாய் திரும்ப ஓடும், வேர்ச் சிகிச்சையும் தேவைப்படாது. மகனுக்கு அப்ப 12 வயது. பிந்தினால் அந்தப் பருவம் போயிடும். நட்ட பல்லுக்கு அதன் சவ்வும் கூடவே வாறதால் அது தாடையோட சேர்ந்து வளரும், பிறகு கிளிப் போட்டு நகர்த்தவும் ஏலும். ஒஸ்லோவில் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகினம். 2002ல் வெளியான அவர்களின்ர ஆய்வில், நட்டு 17 முதல் 41 வருசம் கழித்துப் பார்த்தபோது 100க்கு 90 பல் வாயில் நின்றதாம். எங்கட வைத்தியர் அந்தத் தாளை எடுத்துக் காட்டித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தவர்.

மகனுக்கு இப்ப 19. இரண்டும் நிற்குது. எது நட்ட பல் என்று எனக்கே மறந்துபோச்சு. இங்க 18 வயதுவரை பல் வைத்தியம் அரசாங்கச் செலவு, கிளிப்புக்கு மட்டும் பாதிக்காசு நாங்கள் கட்டினோம். அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை என்பது தெரியும். தங்கச்சி, உங்கட மகளுக்குப் பல் பிடுங்கவேண்டிய தேவை இருந்தால் இதையும் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.

பல்வைத்தியர்_கோவை – மார்ச் 7, காலை 7.00

மிக நல்ல பதிவு அண்ணா. நம் ஊரிலும் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. அனுபவம் உள்ள கை வேண்டும், பிடுங்கும்போது வேர்ச்சவ்வு கிழிந்தால் பல் எலும்போடு ஒட்டிவிடும். 13 வயதில் வேர் இன்னும் பொருத்தமான கட்டத்தில் இருக்கிறதா என்பது எக்ஸ்ரேயில் தெரியும்.

மொட்டைமாடி (சென்னை) – மார்ச் 8, மதியம் 1.45

ஜப்பானில் பல் முளைக்கும் மருந்து வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? ஒரு ஊசி போட்டால் புதுப்பல் வருமாம். அதற்காகக் காத்திருக்கலாமே?

பல்வைத்தியர்_கோவை – மார்ச் 8, இரவு 9.40

செய்தி பொய்யில்லை, "வந்துவிட்டது" என்ற சொல்தான் தவறு. பல் வளர்ச்சியை நிறுத்தி வைக்கும் யு.எஸ்.ஏ.ஜி.1 என்ற புரதம் நம் உடம்பில் இருக்கிறது. அதைத் தடுக்கும் மருந்து ஒன்றை ஒசாகாவின் கிட்டானோ மருத்துவமனையில் உள்ள கட்சு தகாஹாஷியும் அவர் குழுவினரும் உருவாக்கினார்கள். எலிகளிலும் ஃபெரெட் என்ற கீரி மாதிரியான விலங்கிலும் பல் முளைத்ததை 2021ல் வெளியிட்டார்கள். 2024ல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களிடம் முதல் சோதனை தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் 30 பேர், எல்லோரும் வளர்ந்த ஆண்கள். பாதுகாப்பானதா என்று மட்டும் பார்க்கிற கட்டம் அது. அடுத்ததாக, பிறவியிலேயே பல பற்கள் இல்லாத 2 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் திட்டம். 2030 வாக்கில் பயனுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் இலக்கு.

நடந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் இருக்கமாட்டார். ஆனால் 13 வயதுப் பிள்ளை அதை நம்பிச் சும்மா இருந்தால் கிளிப் போடுகிற நல்ல வருடங்கள் கைவிட்டுப் போகும்.

வெயிலூர் (விருதுநகர் மாவட்டம்) – மார்ச் 9, இரவு 11.50

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு மூன்று பல் இல்லை என்ற கணக்கே கிடையாது. மொத்தமே ஏழு பல்தான் முளைத்தது, அதில் முன்னால் இரண்டும் கூம்பு. எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்று பெயர். தலைமுடி மெலிது, வியர்வை வராது. எங்கள் ஊர் வெயிலில் வியர்க்காத உடம்போடு வளர்வது எப்படி என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அம்மா பள்ளிக்கு ஈரத்துண்டு கொடுத்து அனுப்புவார், இரண்டு பீரியடுக்கு ஒருமுறை சட்டையை நனைத்துக்கொள்வேன்.

நான்கு வயதில் முதல் செட் பல். கழற்றி மாட்டுவது. அதற்குமுன் "சோறு" என்று சொன்னால் காற்றுதான் வரும். செட் மாட்டி ஒரு மாதத்தில் "சோறு" சரியாக வந்தது, அம்மா அன்றைக்கு அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தாடை வளர வளர இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு புது செட். கீழ்த்தாடையில் எலும்பு கத்தி முனை மாதிரி இருந்ததால் செட் நிற்காமல் மிதக்கும். 12 வயதில் ஒரு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் கீழே முன்பக்கம் மட்டும் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, அதன்மேல் செட்டைக் கவ்வ வைத்தார்கள். வளரும் வயதில் கூடாது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அது சரிதான். எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் கீழ்முன் தாடையில் விதிவிலக்கு உண்டு. அந்தப் பகுதி சீக்கிரமே வளர்ச்சியை முடித்துக்கொள்ளும், பக்கத்தில் இதை விட்டுவிட்டு வளர்ந்து ஏறுகிற பல்லும் கிடையாது என்று பேராசிரியர் விளக்கினார்.

நோயைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே சார்லஸ் டார்வின் இதை எழுதியிருக்கிறார், அதுவும் இப்போது பாகிஸ்தானில் இருக்கும் சிந்துப் பகுதியில் இருந்த ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றி. நான்கு தலைமுறையில் பத்து ஆண்கள், இரண்டு தாடையும் சேர்த்து நான்கு சின்ன முன்பற்கள், எட்டு கடைவாய்ப்பற்கள், உடம்பில் முடி குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு அவதி. பெண்களுக்கு வருவதில்லை, ஆனால் அவர்கள் பெறும் மகன்களுக்கு வருகிறது என்பதுவரை எழுதியிருக்கிறார். அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. ஈரத்துண்டு இல்லாத காலத்துச் சிந்துவெயிலில் எனக்கு அண்ணன்மார் பத்துப்பேர் இருந்திருக்கிறார்கள்.

2018ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் ஒரு முடிவு வெளியிட்டார்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே பனிக்குட நீரில், இந்த நோய் உள்ளவர்கள் உடம்பில் இல்லாத புரதத்தைச் செலுத்தியிருக்கிறார்கள். பிறந்த பிள்ளைகளுக்கு வியர்க்கிறது, பல் முளைகளும் எதிர்பார்த்ததைவிட அதிகம். என் அக்காவுக்கு இந்த நோயின் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று இந்த வருடம்தான் பரிசோதிக்கப் போகிறோம்.

காவிரிக்கரை அக்கா, பாப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். சிரிக்கும்போது கையை வைத்து மூடினால் எல்லோரும் கையைத்தான் பார்ப்பார்கள். நான் பத்து வருடம் மூடியிருக்கிறேன்.

காவிரிக்கரை – மார்ச் 10, மாலை 6.15

அம்மா ஐடியில் நான் எழுதுகிறேன். நான்தான் அந்தப் பொண்ணு. எல்லாம் படித்தேன். வெயிலூர் அண்ணா எழுதியதை இரண்டு தடவை.

எனக்கு ஒரு சந்தேகம். நான் நாலு வருடமாகப் புல்லாங்குழல் கற்கிறேன். வர்ணம் முடிந்து கீர்த்தனை ஆரம்பித்திருக்கிறோம். கிளிப் போட்டால் வாசிக்க முடியுமா? இதை எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை, கேட்டால் சிரிப்பார்களோ என்று நினைத்தேன்.

பல்வைத்தியர்_கோவை – மார்ச் 10, இரவு 9.05

யாரும் சிரிக்கமாட்டார்கள் பாப்பா, முதல் நாளே சொல்லவேண்டிய விஷயம் இது. புல்லாங்குழலில் கீழ் உதடு துளைமேல் உட்காரும் விதம்தான் முக்கியம், கிளிப்பின் பட்டன்கள் உதட்டை முன்னால் தள்ளும். முதல் சில வாரம் சத்தத்தில் காற்று கலந்து வரும், மேல் ஸ்தாயி சிரமப்படும். பிறகு உதடு பழகிவிடும். கீழ்வரிசைக்குக் கிளிப் தேவையா, எப்போது போடலாம் என்பதைப் பேசும்போது குழலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் ஊதிக் காட்டு. கச்சேரி, போட்டி ஏதாவது இருந்தால் தேதியையும் சொல்.

அம்மாவுக்கு: கிளிப் மருத்துவர், செயற்கைப் பல் மருத்துவர், குழந்தைப் பல் மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிற இடமாகப் போங்கள். உங்களுக்குச் சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி பக்கம். ஒரே கட்டடத்தில் எல்லாப் பிரிவும் இருக்கும்.

காவிரிக்கரை – ஜூலை 21, இரவு 9.50

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். சிதம்பரம் போய் வந்தோம், இதுவரை ஐந்து முறை. மூன்று பிரிவு மருத்துவர்களும் சேர்ந்து பார்த்தார்கள். பிளாஸ்டரில் அவள் பல்லை அச்செடுத்து, அந்த அச்சிலேயே பற்களை அறுத்து மெழுகில் நகர்த்தி, மூடினால் எப்படி இருக்கும், திறந்தால் எப்படி இருக்கும் என்று இரண்டையும் கையில் கொடுத்தார்கள். மேல்பல் கொஞ்சம் தூக்கல், கோரைப்பற்கள் ஏற்கெனவே பாதி முன்னால் வந்துவிட்டன, நிறமும் முன்பல்லோடு ஒத்துப்போகிறது. மூடுவது என்று முடிவாயிற்று. அவளே மூடின அச்சைக் காட்டி, "இதுதான் நான்" என்றாள்.

வலதுபக்க மேல் பால்பல்லை எடுத்துவிட்டார்கள். கீழ்ப் பால்பல் அப்படியே இருக்கிறது, மட்டம் சரியாக இருக்கிறதாம், டிசம்பரில் மறுபடி பார்ப்பார்கள். பல் நடுவதைப் பற்றியும் கேட்டேன் வடகடல் அண்ணா. பிடுங்க வேண்டிய நல்ல பல் இவளுக்கு இல்லை என்றார்கள்.

தம்பிக்கு எக்ஸ்ரே எடுத்தோம். எல்லா முளையும் இருக்கிறது, மேல்பக்கம் ஒன்று மட்டும் கூம்பு. பார்த்ததும் மாமியார், "என் பல்லுடா இது" என்று அவன் கன்னத்தைக் கிள்ளினார். கிரகணப் பேச்சு அன்றோடு நின்றது.

கிளிப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. இப்போதைக்கு மேலே மட்டும். ஆடியில் கோயில் கச்சேரி இருக்கிறது, அது முடிந்ததும் கீழே போடுகிறோம் என்று அவர்களே சொன்னார்கள். மீதியை அவளே எழுதுகிறேன் என்கிறாள்.

வெயிலூர் அண்ணா, அக்காவுக்கு டெஸ்ட் என்ன ஆயிற்று? கோவை டாக்டர், குழலை எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன், பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருந்த தாத்தாகூடத் திரும்பிப் பார்த்தார். இப்போது மத்திய ஸ்தாயி சுத்தமாக வருகிறது. மேல் ஸ்தாயி காந்தாரத்தில் மட்டும் இன்னும் காற்று கலக்கிறது. தினமும் காலையில் அரைமணி நேரம் அந்த ஒரு ஸ்வரத்தையே ஊதச் சொல்லியிருக்கிறார் குழல் சார்.